ஒரே தட்டலா, கைத்திருத்தமா? தாராவிப் பொங்கல் படங்களுக்கு எது சரி

மும்பை தாராவியின் 90 அடி சாலையில் வரிசையாக அடுப்பு மூட்டிப் பொங்கல் வைக்கும் காலையைப் படமெடுத்தவர்கள், மென்பொருளே தானாகத் திருத்தும் ஆட்டோ எடிட்டில் தட்டிவிடலாமா, கையாலேயே திருத்தலாமா என்று தயங்குகிறார்கள்.

நேரம்: ஆட்டோவில் மொத்தப் படமும் சில நிமிடத்தில் முடியும். கையால் என்றால் படத்துக்கு 5 நிமிடமாவது ஆகும்.

புகை: விஷயமே இங்கேதான் இருக்கிறது. மென்பொருளுக்கு அடுப்புப் புகை வெறும் மங்கல். மங்கலை நீக்கும் டீஹேஸை அது ஏற்றிவிட்டால் புகை கரையும், பானை விளிம்பு கறுக்கும், பொங்கும் நுரை சாம்பல் நிறமாகும். கையால் செய்யும்போது எக்ஸ்போஷரை (படத்தின் மொத்த வெளிச்சத்தை) 0.3 குறையுங்கள், டீஹேஸைத் தொடாதீர்கள், முகத்தை மட்டும் தனியாகத் தேர்ந்தெடுக்கும் மாஸ்க் போட்டு அங்கே எக்ஸ்போஷரை 0.5 ஏற்றுங்கள். கேமரா பதிந்த தரவை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக இருக்கட்டும்: 14 பிட்டில் ஒரு நிறத்துக்கு 16,384 படிகள், ஜேபெக்கில் 256தான். நிழலைத் தூக்கினால் ஜேபெக்கில் பட்டை பட்டையாகத் தெரியும்.

வானம்: 2020இல் ஃபோட்டோஷாப்பில் வந்த வானமாற்று வசதி வேண்டவே வேண்டாம். முகத்தில் வெயில் இடப்பக்கம் விழும், புது வானத்தில் சூரியன் வலப்பக்கம் நிற்கும். மின்கம்பி ஓரத்தில் வெள்ளைக் கோடு வேறு.

லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் 2021இல் வந்த, படத்தின் முக்கிய உருவைத் தானே தேர்ந்தெடுக்கும் மாஸ்க் கலைஞரின் பார்வையைக் குறைக்கவில்லை, கைவேலையைத்தான் குறைத்தது. புகை இருக்கட்டுமா, போகட்டுமா என்பதை மென்பொருள் முடிவு செய்யும்போதுதான் பார்வை பறிபோகிறது.

அன்றே வாட்ஸ்அப்பில் உறவினருக்கு அனுப்ப ஆட்டோ போதும். சட்டம் போட்டு மாட்டப்போகும் பத்துப் படத்துக்குக் கைத்திருத்தம்தான்.