ஸ்பிட்ஃபயரா, ஹரிக்கேனா?

போன மாதம் பிளாஸ்டிக் விமான மாடல் வாங்கப் போனேன். கண்ணில் பட்டவை இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் ஃபைட்டர்கள் இரண்டு: ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன். கையில் இருந்த காசுக்கு ஒன்றுதான் வரும். ஸ்பிட்ஃபயர் பெட்டியை இரண்டு முறை எடுத்துப் பார்த்துவிட்டு, ஹரிக்கேனோடு வீடு திரும்பினேன். "அழகானதை விட்டுட்டியே" என்கிறார்கள் நண்பர்கள். 1940 கோடையில், ஜெர்மன் விமானங்கள் தாக்கிக்கொண்டிருந்தபோது, இங்கிலாந்தில் ஒரு விமானத் தளம் என் பொறுப்பில் இருந்திருந்தாலும் நான் ஹரிக்கேனைத்தான் கேட்டிருப்பேன்.

இரண்டிலும் ஒரே மெர்லின் எஞ்சின், எட்டு பிரௌனிங் இயந்திரத் துப்பாக்கிகள். வேகம் ஸ்பிட்ஃபயருக்கு: மணிக்குச் சுமார் 570 கிலோமீட்டர். ஹரிக்கேன் அதைவிட 50 குறைவு. மிட்செல் வடிவமைத்த அந்த மெல்லிய நீள்வட்ட இறக்கைக்கு ஈடு கிடையாது. சரி, அதில் வாதம் இல்லை.

என்னை இழுத்தது பழுதுபார்ப்பு. ஹரிக்கேனை வடிவமைத்த சிட்னி கேம் அதைப் பழைய முறையில் கட்டினார்: உள்ளே எஃகுக் குழாய்ச் சட்டம், அதன்மேல் மரச் சட்டங்கள், பின்பாதிக்கு டோப் (துணியை இறுக்கும் ஒருவகை வார்னிஷ்) பூசிய லினன் துணி. மாடலின் வால்பக்கம் விரலை ஓட்டினால் பட்டினி மாட்டின் விலா எலும்பு போல வரிவரியாகத் தட்டுப்படும். குண்டு அந்தத் துணியைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும். மெக்கானிக் ஓட்டையில் துணி ஒட்டி, டோப் பூசினால் போதும், விமானம் திரும்பவும் கிளம்பும். வளைந்த குழாயைக்கூடத் தளத்திலேயே மாற்றலாம். ஸ்பிட்ஃபயரில் அலுமினியத் தகடே பாரம் தாங்கும் உடம்பு. அது கிழிந்தால் தனித்திறன் உள்ள ஆள் வேண்டும். பெரிய அடி என்றால் பணிமனைக்கே அனுப்ப வேண்டும். ஒரு நாளைக்கு நாலு முறை ஏறிச் சண்டை போடும் ஸ்குவாட்ரனுக்கு (விமானப்படைப் பிரிவுக்கு)க் காலையில் எத்தனை விமானம் தயார் என்பதுதானே கணக்கு? 1940-இன் அந்த பிரிட்டன் வான்போரில் பிரிட்டிஷ் ஃபைட்டர்கள் வீழ்த்தியதில் பாதிக்கு மேல் ஹரிக்கேன்கள் வீழ்த்தியவை.

அப்புறம் சக்கரம். ஹரிக்கேனின் கால்கள் அகலமாக நின்று உள்பக்கம் மடங்கும். புல் தரையில் களைத்த பைலட் இறக்கினாலும் தாங்கும். ஸ்பிட்ஃபயரின் கால்கள் ஒட்டினாற்போல் நிற்பதால் தரையில் தடுமாறும்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். ஹரிக்கேனில் தீப்பிடித்தால் காக்பிட்டுக்குள் சீறி வரும். முகமும் கையும் வெந்துபோன பைலட்டுகள் பலர். பிறகுதான் பைலட்டுக்கு முன்னால் இருந்த பெட்ரோல் டாங்குக்கு ரப்பர் உறை போட்டார்கள். 1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பின் மேல் ஜப்பானின் ஜீரோ ஃபைட்டர்கள் வந்தபோது, ரத்மலானையிலிருந்தும் குதிரைப் பந்தயத் திடலிலிருந்தும் ஏறிய ஹரிக்கேன்கள் பலத்த அடி வாங்கின. சட்டென்று வளைந்து திரும்புவதில் ஜீரோவுக்கு அவை ஈடில்லை.

ஸ்பிட்ஃபயருக்கோ வளர இடம் இருந்தது. கிரிஃபன் எஞ்சினோடு போருக்குப் பிறகும் உற்பத்தி தொடர்ந்தது. ஹரிக்கேன் உற்பத்தி 1944-லேயே முடிந்தது. 1943-க்குப் பிறகு என்றால் நானும் ஸ்பிட்ஃபயரைத்தான் கேட்டிருப்பேன். நான் ஓட்டிப் பார்த்தவன் இல்லை. ஆகாயத்தில் எது கைக்கு இதமாக இருக்கும் என்பதில் பைலட்டுகள் சொல்தான் செல்லும்.

ஆனால் அதே 1944-இல் இம்பால் பக்கம் அர்ஜன் சிங் தலைமையில் இந்திய விமானப்படையின் முதல் ஸ்குவாட்ரன் ஹரிக்கேனில்தான் பறந்தது. ஜப்பான் விமானத்தின் அடையாளம் சிவப்பு வட்டம்; அந்த விமானம் என்று நம்மவர்களே சுட்டுவிடாமல் இருக்க, அந்த முனையில் நம் விமானங்களின் அடையாள வட்டத்தில் சிவப்பை எடுத்துவிட்டிருந்தார்கள். என் மாடலில் நீலமும் வெளிர்நீலமும் மட்டும் உள்ள அந்த வட்டத்தைத்தான் ஒட்டப்போகிறேன்.