இரட்டைக் கொளுக்கி ஹார்னஸ்: கொழும்புக் கட்டட வேலையில் நீண்டகாலப் பாவனை

உயரத்தில் வேலை செய்பவர் விழுந்தால் தாங்கிப் பிடிக்கும் முழு உடல் பட்டி (ஹார்னஸ்), முதுகு வளையத்தில் விழும் விசையைக் கிழிந்து நீண்டு குறைக்கும் அதிர்வுறிஞ்சிப் பை, அதிலிருந்து பிரியும் இரண்டு கயிறுகள், நுனிகளில் பெரிய கொளுக்கிகள். சாரத்தில் ஏறும் மேசன், பெயின்டர், வெல்டர் எனப் பலருக்கும் இன்று தரப்படுவது இதுதான்.

வாங்கும்போது முதலில் கொளுக்கியின் வாயைப் பாருங்கள். சாரக் குழாயின் வெளிவிட்டம் 48.3 மில்லிமீற்றர். வாய் 55 மில்லிமீற்றராவது திறக்காவிட்டால் குழாயில் ஏறாது. ஆள் கயிற்றைக் குழாயில் சுற்றி, அந்தக் கயிற்றிலேயே கொளுக்கியை மாட்டத் தொடங்கிவிடுவார். பழைய சோனகத் தெருவில் இடுப்புப் பட்டி மலிவாகக் கிடைக்கலாம். விழுபவரைத் தாங்க அது ஆகாது. முழு விசையும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறங்கும். ஹார்னஸ் லேபலில் ஈஎன் (ஐரோப்பியத் தரநிலை) 361, அதிர்வுறிஞ்சியில் ஈஎன் 355, தயாரித்த காலம், தொடரிலக்கம் இருக்கவேண்டும்.

பாவனையில் பெரிய ஏமாற்றம் தருவது கீழ்மாடிகள். உயரம் கூடினால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கு வேறு. 2 மீற்றர் கயிற்றைக் கால்மட்டத்தில் மாட்டியவர் விழுந்தால், கயிறு இறுகும்போது முதுகு வளையம் கொளுக்கிக்கு 2 மீற்றர் கீழே இருக்கும். அதிர்வுறிஞ்சி கிழிந்து 1.75 மீற்றர் வரை நீளலாம். வளையத்திலிருந்து பாதம் வரை 1.5 மீற்றர். பாதத்துக்குக் கீழே பாதுகாப்புக்காக விடும் மிச்ச இடைவெளி 1 மீற்றர். மொத்தம் 6.25 மீற்றர். தட்டு 3 மீற்றர் வீதம் எழும் கட்டடத்தில், நிலத்திலிருந்து 6 மீற்றர் உயரத்தில் வேலை செய்பவரை இது காப்பாற்றும் என்று நம்பமுடியாது. அங்கே தலைக்கு மேலே மாட்டுங்கள். அல்லது விளிம்பையே எட்டவிடாத கட்டைக் கயிறு கொடுங்கள். எங்கள் மதிப்பீட்டில், ஒரு மீற்றர் உயரக் கைப்பிடிக் கம்பி போடக்கூடிய விளிம்பில் ஹார்னஸை மட்டும் நம்பி ஆளை விடுவதே தவறு.

கொளுக்கியை மாட்டும் பிடிமானமான நங்கூரத்துக்கு ஈஎன் 795 கேட்கும் குறைந்தபட்ச வலு 12 கிலோநியூட்டன். ஏறத்தாழ 1,200 கிலோ தொங்கும் பாரம். நீட்டி நிற்கும் முறுக்குக் கம்பி, பிவிசி குழாய், ஜன்னல் சட்டம் எதுவும் நங்கூரமல்ல. தூணைச் சுற்றிப் பட்டி போட்டால், கொங்கிறீற் விளிம்பு அறுக்காமல் உறை சுற்றவேண்டும்.

கண்ணுக்குப் படாத பிழை ஒன்று உண்டு. பாவிக்காத இரண்டாவது கொளுக்கியை இடுப்பு இரும்பு வளையத்தில் மாட்டிவைப்பார்கள். அப்படி மாட்டினால் விழும்போது விசை அந்தக் கயிற்று வழியாகவே உடலுக்குப் போகும், அதிர்வுறிஞ்சி கிழியாது. நெஞ்சுப் பட்டியில் இதற்கென்றே இழுத்தால் கழன்றுவிடும் சிறு தாங்கி இருக்கிறது, அதில்தான் மாட்டவேண்டும்.

தொடைப் பட்டிக்குள் விரித்த கை போகவேண்டும், முஷ்டி போகக்கூடாது. மழையங்கி போட்டாலும் கழற்றினாலும் மீண்டும் இறுக்கவேண்டும்.

காலிமுகத்திடலிலிருந்து வெள்ளவத்தை வரை கடலோரத் தளங்களில் உலோகம்தான் முதலில் களைக்கிறது. உப்புக்காற்றில் கொளுக்கியின் வில் துருப்பிடிக்கும். சீமெந்துப் பால் காய்ந்து பூட்டு பாதியில் நிற்கும். தானாக மூடாத கொளுக்கியை அன்றே விலக்குங்கள். துணிப்பட்டியை இளஞ்சூட்டு நீர், மென்சவர்க்காரம் கொண்டு கழுவி நிழலில் உலர்த்துங்கள். தின்னர் படக்கூடாது. வெல்டிங் பொறி சுட்ட துளை சிறியதென்று விடாதீர்கள், இழை அங்கேதான் அறும்.

விழுந்து தொங்குபவருக்குத் தொடைப் பட்டி இரத்தத்தைத் தடுக்கும். அசையாமல் தொங்கினால் நிமிடங்களிலேயே உயிராபத்து. 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் சுவசெரிய அம்பியூலன்ஸ் வந்தாலும் ஆளை மேலிருந்து இறக்கவேண்டியது தளத்தில் உள்ளவர்கள். ஏணியா, கப்பியா, யார் இறங்குவது என்பதை வேலை தொடங்குமுன் முடிவுசெய்யுங்கள். கால் வைத்து எழும்பும் நாடா உள்ள ஹார்னஸுக்குக் கூடுதலாகச் செலவிடலாம்.

வருடத்துக்கு ஒருமுறையாவது தகுதியானவர் பரிசோதித்துத் தொடரிலக்கத்தோடு பதியவேண்டும். ஒருமுறை விழுகையைத் தாங்கியது, லேபல் அழிந்தது இரண்டையும் கத்தியால் வெட்டியே எறியுங்கள். முழுதாகப் போட்டால் அடுத்த தளத்தில் யாரோ ஒருவர் அதை அணிவார்.