ஸ்வார்ட்ஸ் ஐயருக்காகவே போகலாம்: ஞாயிறு காலைக் கோட்டை நடை

பழைய வண்ணாரப்பேட்டையில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். எங்கள் பக்கத்துத் தம்பி ஒருவர் ஞாயிறு காலையில் செயின்ட் ஜார்ஜ் கோட்டையைச் சுற்றிக்காட்டுகிறார். என் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்வந்தேன். பாடம் சொல்லித்தரும் யாரும் தவறவிடக் கூடாது.

மதில், கொடிமரம் எல்லாம் மளமளவென்று முடிந்துவிடும். தம்பி நிதானமாக நிற்பது செயின்ட் மேரி தேவாலயத்தில்தான். அங்கே கிழக்கிந்தியக் கும்பெனி வைத்த ஒரு பளிங்குச் சிற்பம். மரணப்படுக்கையில் ஸ்வார்ட்ஸ் ஐயர், அவர் கையைத் தழுவியபடி ஒரு சின்னப் பிள்ளை. ஸ்வார்ட்ஸ் ஜெர்மனிக்காரர், 1750இல் தரங்கம்பாடிக்கு வந்த பாதிரியார்; பாதிரியாரைத்தான் ‘ஐயர்’ என்பது.

தஞ்சாவூர் ராஜா துளஜாஜி 1787இல் சாகும் தறுவாயில், தத்தெடுத்த பத்து வயதுப் பையன் சரபோஜியை இவர் பொறுப்பில்தான் விட்டார். ஆனால் அரியணை ஏறியது சித்தப்பா அமர்சிங். பையனை இருட்டறையில் அடைத்து, எழுத்துக்கூடக் கற்றுத்தராமல் வைத்திருந்தார்கள். ஸ்வார்ட்ஸ் விடவில்லை, கும்பெனியிடம் முறையிட்டுக்கொண்டே இருந்தார். 1793இல் பையன் பாதுகாப்பாக மெட்ராஸ் வந்துசேர்ந்தான். இங்கே அவனுக்குப் படிப்பு சொல்லித்தந்தவர் வேப்பேரி மிஷனில் இருந்த கெரிக்கே பாதிரியார். இதைத் தம்பி சொன்ன விதத்தில் என் பிள்ளைகள் அசையவே இல்லை.

ஸ்வார்ட்ஸ் 1798 பிப்ரவரியில் இறந்தார். சரபோஜி ராஜாவானது அதே வருடம், அதற்குப் பிறகு. மாணவன் பட்டம் சூடியதை அவர் பார்க்கவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. சரபோஜி ஸ்வார்ட்ஸுக்காக ஃபிளாக்ஸ்மன் என்ற இங்கிலாந்துச் சிற்பியிடம் தனியாக ஒரு சிலை செய்யச் சொல்லித் தஞ்சாவூரில் வைத்தார். ஆங்கிலத்தில் அவரே கவிதையும் எழுதினார்.

“அந்த ராஜா கிறிஸ்தவரா மாறிட்டாரா அண்ணா?” என்று என் மாணவி கேட்டாள். “இல்லம்மா, கடைசிவரைக்கும் இந்துதான்” என்றார் தம்பி, மழுப்பாமல். அந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடித்தது.

குறையும் உண்டு. 1779இல் ஸ்வார்ட்ஸ் ஹைதர் அலியிடம் தூது போன கதையை இரண்டே வரியில் முடித்துவிட்டார். தேவாலயத்துக்குள் எதிரொலி அதிகம், பின்னால் நின்றால் பாதி கேட்காது. அப்புறம், வேப்பேரி இந்த நடையில் இல்லவே இல்லை. சரபோஜி படித்த கதையைச் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போகாமல் இருக்கலாமா? தனியாக ஒரு நாள் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

கட்டணம் ஒரு சினிமா டிக்கெட் அளவுதான். தலைமைச் செயலகம் இருக்கும் இடம், அடையாள அட்டை கட்டாயம். வண்ணாரப்பேட்டையிலிருந்து வருகிறவர்கள் பீச் ஸ்டேஷன் போனால், அடுத்த ஸ்டேஷன் கோட்டை.