கிளேட்டன் துறையில் ஒரு காலை: ஏரிக்கா, ஆற்றுக்கா?

நியூயார்க் மாநிலத்தின் வட எல்லையில், செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது கிளேட்டன் என்னும் சிற்றூர். பாஸ் மீன்பிடிப் போட்டி நடக்கும் நாட்களில் விடிவதற்கு முன்பே அங்கே படகுகள் வரிசைகட்டி நிற்கும். துறையை விட்டு வெளியே வந்ததும் ஒவ்வொரு போட்டியாளரும் ஒரு முடிவை எடுத்தாக வேண்டும். இடப்பக்கம் திரும்பி ஆற்றை எதிர்த்துச் சென்றால் கேப் வின்சென்ட் ஊரையும் டிபெட்ஸ் முனைக் கலங்கரை விளக்கத்தையும் தாண்டி, 311 கிலோமீட்டர் நீளமும் 85 கிலோமீட்டர் அகலமும் கொண்ட ஒன்டாரியோ ஏரிக்குள் நுழையலாம். வலப்பக்கம் திரும்பினால் ஆயிரம் தீவுகள் என்று பெயர் பெற்ற, எண்ணிப் பார்த்தால் 1864 தீவுகள் உள்ள ஆற்றுப் பகுதி. இரண்டிலும் இருப்பது ஒரே மீன், ஸ்மால்மவுத் பாஸ். போட்டியின் கணக்கும் ஒன்றுதான்: ஒரு நாளில் உயிரோடு கொண்டுவரும் மிகப் பெரிய ஐந்து மீன்களின் மொத்த எடை. ஆயினும் இந்த இரண்டு வழிகளும் இரண்டு வேறு ஆட்டங்கள் என்றே சொல்ல வேண்டும்.

முதலில் எடை. இந்த நீர்நிலைகளில் ஸ்மால்மவுத் இப்போது இருக்கும் பருமனுக்கு வந்தது அண்மைக் காலத்தில்தான். கருங்கடல், காஸ்பியன் பகுதியைச் சேர்ந்த உருண்டைக் கோபி என்னும் விரலளவு மீன், கப்பல்கள் சாயாமலிருக்க ஏற்றிக்கொள்ளும் நிலைப்பு நீரோடு வந்து, 1990-இல் செயின்ட் கிளேர் ஆற்றில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. பின்னர் ஒன்டாரியோ உள்ளிட்ட பேரேரிகள் முழுவதும் பரவியது. அதற்குச் சற்று முன்பு அதே வழியில் வந்த வரிக்குதிரைச் சிப்பிகளை அது தின்கிறது. கோபியை ஸ்மால்மவுத் தின்கிறது. வந்தேறியால் உள்ளூர் உயிரினங்களுக்கு விளைந்த கேடுகள் பல உண்டு. ஆனால் பாஸ் போட்டியாளர்களுக்கு அது வரமாகவே அமைந்தது. மீன்கள் நீரில் மிதக்க உதவும் நீச்சல்பை கோபிக்குக் கிடையாது. தரையை ஒட்டியே கிடக்கும். எனவே ஏரியானாலும் ஆறானாலும் தூண்டில் தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பது இங்கே பாலபாடம்.

கோபி இரண்டு இடங்களிலும் இருந்தாலும், ஏரி மீனுக்குக் கூடுதல் தீனி உண்டு. ஆழமான திறந்த நீரில் ஏல்வைஃப் என்னும் வெள்ளிநிற மீன்கள் கூட்டமாகத் திரிய, ஸ்மால்மவுத்களும் அவற்றின் பின்னால் கூட்டமாகவே அலைகின்றன. ஒரு கூட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டால், ஐந்து மீன்களும் ஐந்து பவுண்டைத் தாண்டுவது ஏரியில் நடக்கக்கூடிய காரியம். ஆற்றில் நாலு பவுண்டு மீன் தாராளமாகக் கிடைக்கும். ஐந்து பவுண்டு மீனை ஒவ்வொன்றாகத் தேடித்தான் சேர்க்க வேண்டும். பாஸ்மாஸ்டர் எலைட் என்னும் தொழில்முறைத் தொடரில் கிளேட்டனிலிருந்து புறப்பட்ட போட்டியில், 2022-இல் ஜே பிரெசகுராட் நான்கு நாட்களில் 20 ஸ்மால்மவுத்களைக் கொண்டு 102 பவுண்டு 9 அவுன்ஸ் சேர்த்தார். அடுத்த ஆண்டே பேட்ரிக் வால்டர்ஸ் அதை 105 பவுண்டு 10 அவுன்ஸாக உயர்த்தினார். அதாவது, நான்கு நாட்களுக்கும் சேர்த்து மீன் ஒன்றுக்குச் சராசரியாக ஐந்தே கால் பவுண்டு. ஆற்றை இதனால் குறைத்து மதிப்பிட்டுவிடக் கூடாது. ஏரியிலிருந்து வெகுதொலைவில், ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள வாடிங்டனிலிருந்து நடந்த 2021 போட்டியில் ஜப்பானியரான டகு இதோ 90 பவுண்டுக்கு மேல் எடை சேர்த்து வென்றார்.

எடையை மட்டும் பார்த்தால் விவாதம் இங்கேயே முடிந்துவிடும். எல்லோரும் இடப்பக்கம்தான் திரும்புவார்கள். அப்படி நடக்காததற்குக் காரணம் காற்று.

ஒன்டாரியோ ஏரி ஏறத்தாழ மேற்கு கிழக்காக நீண்டு கிடக்கிறது. கோடையில் அங்கே பெரும்பாலும் வீசுவது மேற்கு அல்லது தென்மேற்குக் காற்று. நம் கடற்கரைகளில் மேற்கிலிருந்து வரும் காற்றைக் கச்சான் என்பார்கள். கச்சான் அடிக்கும் நாளில் கடலோடிகள் அலையை எப்படிக் கணக்கிடுவார்களோ, அதே கணக்கை இந்த நன்னீர் ஏரியிலும் போட வேண்டும். ஏனெனில் மேற்கு முனையில் புறப்படும் அலை, தடுக்க எதுவுமில்லாமல் ஏரியின் முழு நீளத்தையும் கடந்து, போட்டிப் படகுகள் நிற்கும் கிழக்கு முனையில்தான் வந்து விழுகிறது. போதாக்குறைக்கு, அங்கே டக் தீவுகளுக்கும் கேலூ தீவுக்கும் இடையே ஏரியின் தரை ஒரு முகடாக உயர்கிறது. ஆழத்திலிருந்து வரும் அலை அந்த முகட்டில் ஏறும்போது குறுகிச் செங்குத்தாகிறது. பாஸ் படகு என்பது இருபது, இருபத்தோரு அடி நீளமும், முழங்கால் உயரம்கூட இல்லாத பக்கச் சுவரும், 250 குதிரைத்திறன் எஞ்சினும் கொண்ட ஒரு தட்டையான வாகனம். அமைதியான நீரில் பறப்பதற்காகச் செய்யப்பட்டது. நாலடி அலையில் அது நடக்கக்கூட முடியாது. காலையில் ஒரு மணி நேரத்துக்குள் சென்ற தூரத்தைத் திரும்பி வர மதியத்தில் இரண்டரை மணி நேரம் ஆகலாம்.

ஆற்றிலும் காற்று உண்டு. ஆனால் தீவுகள் அலையை வளர விடுவதில்லை. ஒன்றின் பின்னால் ஒதுங்கினால் அடுத்ததன் மறைவு வரை ஊர்ந்து போய்விடலாம். ஆற்றில் என்னைப் பயமுறுத்தியது காற்றைவிடக் கப்பல்தான். கடலையும் பேரேரிகளையும் இணைக்க 1959-இல் திறக்கப்பட்ட கடல்வழியில் 225 மீட்டர் நீளமுள்ள சரக்குக் கப்பல்கள் ஆயிரம் தீவுகளின் நடுவே போய்வருகின்றன. கப்பல் கடந்து சில நிமிடங்கள் ஆன பிறகு, அதை மறந்து தூண்டிலில் கண்ணாக இருக்கும்போது, அதன் அலை பக்கவாட்டில் வந்து தூக்கும்.

காற்றோடு கடிகாரமும் சேர்ந்துகொள்கிறது. பாஸ்மாஸ்டர் போட்டிகளில் குறித்த நேரத்துக்குப் பிறகு தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு பவுண்டு கழிக்கப்படும். 15 நிமிடங்களைத் தாண்டினால் அந்த நாளின் எடை முழுவதும் போய்விடும். பல உள்ளூர்க் கழகங்களும் இதே விதியை வைத்திருக்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன்பு அப்படி ஒரு கழகத்தின் ஒருநாள் போட்டியில் நான் இன்னொருவரின் படகில் துணைத் தூண்டில்காரனாகச் சென்றேன். ஏரியில் எங்களுக்கு 21 பவுண்டு 4 அவுன்ஸ் கிடைத்திருந்தது. ஆறு பவுண்டு மீன் ஒன்று இருக்கிறது, இன்னும் இரண்டு வீச்சு போதும் என்று படகுக்காரர் சொன்னார், நானும் தடுக்கவில்லை. அந்த மீன் வரவில்லை, காற்று வந்தது. துறையில் நுழைந்தபோது மூன்று நிமிடம் தாமதம். 18 பவுண்டு 4 அவுன்ஸாகி, மூன்றாம் இடத்திலிருந்து பரிசுப் பட்டியலுக்கு வெளியே போனோம். அன்று வென்றவர் துறையிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரே தீவைச் சுற்றியே நாள் முழுவதும் மீன்பிடித்தவர்.

நேரத்தை வேண்டுமென்றே பணயம் வைத்து வென்றவரும் உண்டு. 2013-இல் வாடிங்டனில் நடந்த எலைட் போட்டியில் பிராண்டன் பாலானியுக், ஏறக்குறைய 100 மைல் ஆற்றை எதிர்த்து ஓடி ஒன்டாரியோ ஏரியை அடைந்து, அதே தூரத்தைத் திரும்பி வந்து பட்டம் பெற்றார். தூண்டில் போட அவருக்குக் கிடைத்த நேரம் மற்றவர்களைவிட மிகக் குறைவு. அந்த வெற்றியை ஏரிக்கான சான்றாகப் பலர் காட்டுகிறார்கள். ஒரு நாள் எஞ்சின் மக்கர் செய்திருந்தால் இன்று அதையே ஆற்றுக்கான சான்றாகக் காட்டியிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அதிகம் பேசப்படாத வேறுபாடு ஒன்று, பிடித்த மீனின் உயிர். இறந்த மீன் ஒவ்வொன்றுக்கும் பாஸ்மாஸ்டரில் 4 அவுன்ஸ் கழிப்பார்கள். பரிசுக்கும் வெறுங்கைக்கும் இடையே இருப்பது பல நேரங்களில் அந்த அளவுதான். ஏரியில் கோடை மீன் முப்பது, நாற்பது அடி ஆழத்தில் இருக்கிறது. அங்கிருந்து வேகமாக மேலே இழுக்கும்போது அதன் நீச்சல்பையிலுள்ள காற்று விரிந்துவிடும். படகிலுள்ள நீர்த்தொட்டியில் விட்ட சிறிது நேரத்தில் மீன் பக்கவாட்டில் சாய்ந்து, வால் மேலே தூக்கியபடி மிதக்கத் தொடங்கும். அப்போது அதைத் தண்ணீருக்கடியில் பிடித்தபடி, ஒரு செதிலுக்கு அடியில் மெல்லிய ஊசியைச் சாய்வாகச் செலுத்த வேண்டும். சரியான இடத்தில் பட்டால் ஊசியின் முனையிலிருந்து குமிழிகள் சரம்போல வரும். மீன் மெல்ல நிமிரும். செவுள்கள் சீராக அசையத் தொடங்கும். இடம் தவறினால் ரத்தம்தான் வரும். ஆடும் படகில், நடுங்கும் விரலோடு இதைச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் அந்த 4 அவுன்ஸின் அருமை தெரியும். அதன் பிறகும் வழி நெடுகிலும் அலையில் குலுங்கியபடி அந்த ஐந்து மீன்களும் வர வேண்டும். ஆற்றிலும் ஆழமான இடங்கள் உண்டு. ஆனால் பத்துப் பதினைந்து அடியில் நல்ல மீன் பிடிக்க அங்கே வாய்ப்பு அதிகம், திரும்பும் தூரமும் குறைவு.

மீனைத் தேடும் முறையும் மாறுகிறது. ஆற்று மீனுக்கு ஒரு முகவரி இருக்கிறது. நீரோட்டம் ஒரு பாறைத்திட்டில் மோதிப் பிரியும் இடத்தில், ஓட்டத்துக்குச் சற்று ஒதுங்கி, அடித்து வரும் இரைக்காக அது காத்திருக்கும். இன்று பிடித்த இடத்தில் நாளை இன்னொரு மீன் வந்து நிற்கும். அந்த முகவரி எல்லோருக்கும் தெரியும் என்பதுதான் தொல்லை. பெயர் பெற்ற திட்டுகளில் ஒரே காலையில் நான்கைந்து படகுகள் சுற்றி நிற்பதைப் பார்க்கலாம். ஏரி மீன் நாடோடி. நேற்று ஐம்பது மீன் இருந்த இடத்தில் இன்று கல் மட்டும் இருக்கும். பலமான காற்று அடித்தால் அடிநீர் மேலேறி, கரையோர நீரின் வெப்பம் ஒரே நாளில் பல பாகை குறைவதும் உண்டு. மீன் கூட்டமாக இடம் மாறிவிடும். படகுக்கு முன்னால் உள்ள மீனை ஒலியலையால் திரையில் காட்டும் முன்னோக்கு சோனார் வந்த பிறகு ஏரிக்காரர்களின் கை ஓங்கியது உண்மை. திரையில் தனி மீனைப் பார்த்து, அதன் தலைக்கு நேராக டிராப் ஷாட்டை (நுனியில் ஈயமும் அதற்கு மேலே கொக்கியும் கட்டிய தூண்டிலை) இறக்கி, ஈயம் தரையைத் தட்டுமுன்பே மீன் திரும்பிப் பாய்வதைக் காணலாம். ஆனால் நாலடி அலையில் படகின் மூக்கு ஏறி இறங்கும்போது திரையும் கூடவே ஆடுகிறது. தூண்டில் நரம்பு வில்லாக வளைந்துவிடுகிறது. சோனார் எத்தனை விலையானாலும் அங்கே பயன்படுவதில்லை. மேஜர் லீக் ஃபிஷிங் அமைப்பு 2025-இல் தன் முதன்மைத் தொடரில் இந்தக் கருவியை நாளின் மூன்று பகுதிகளில் ஒன்றில் மட்டுமே அனுமதித்தது. அத்தகைய விதி இருக்குமிடத்தில் தராசு மீண்டும் ஆற்றின் பக்கம் சற்றுச் சாய்கிறது என்பது என் எண்ணம்.

எல்லைக் கோட்டையும் மறந்துவிடக் கூடாது. அமெரிக்க, கனடா எல்லை ஏரியையும் ஆற்றையும் நடுவே வெட்டிச் செல்கிறது; கனடா நீரில் தூண்டில் போட அந்த நாட்டின் ஒன்டாரியோ மாகாண உரிமம் தேவை. தொற்றுக்காலத்தில், 2020-இல், கிளேட்டன் போட்டி அமெரிக்க நீரில் மட்டுமே நடந்தது. அதில் வென்றவர் கிறிஸ் ஜான்ஸ்டன், எலைட் போட்டியில் பட்டம் பெற்ற முதல் கனடியர்.

நான்கு நாள் போட்டி என்றால் நான் ஏரியைத்தான் சொல்வேன். ஒரு நாள் காற்றில் இழந்தாலும் மற்ற மூன்று நாட்கள் அதை ஈடுகட்டக்கூடும். ஆற்று மீனை மட்டும் வைத்துக்கொண்டு 100 பவுண்டைத் தொடுவது அரிது. ஒருநாள் போட்டியில், பரிசுத் தொகையைவிட டீசல், பெட்ரோல் செலவு அதிகமாகும் நம்மைப் போன்றவர்களுக்கு, ஆறுதான் பொருத்தம். நாலு பவுண்டு மீன்கள் ஐந்து சேர்த்தால் இருபது பவுண்டு; கழகப் போட்டிகளில் அது பெரும்பாலும் பணம் பார்க்கும் எடை. இதற்கு நான் வைத்திருக்கும் ஒரே விலக்கு, மதியம் வரை காற்று மணிக்கு எட்டு மைலுக்குக் குறைவாக இருக்கும் என்று முன்னறிவிப்பு சொல்லும் நாள். அன்றும் டிபெட்ஸ் முனையைத் தாண்டியதும் படகை நிறுத்தி, திரும்பும் நேரத்தைக் குறித்து, அதில் ஒரு மணி நேரத்தைக் கழித்து, அந்த எண்ணை ஸ்டீயரிங் பக்கத்தில் எழுதி ஒட்டிய பிறகே முதல் தூண்டிலை இறக்குகிறேன்.