கஸ்காரா வாளா, எறிகத்தியா?

மகதி என்னும் இஸ்லாமிய இயக்கம் சூடானை ஆண்ட 1885–1898 காலத்து ஆயுதங்களில் அரபு எழுத்து பொறித்தவற்றைத் தேடப் போனால், சேகரிப்பவர்கள் சுற்றிச் சுற்றி வருவது இரண்டிடம்: கஸ்காரா என்னும் நேர் வாள், இரும்புத் தகட்டில் வெட்டிய எறிகத்தி. முதலில் எதை வாங்குவது என்றால் நான் வாளைத்தான் சொல்வேன். கண்ணை இழுப்பது என்னவோ எறிகத்திதான்.

கிளை கிளையாகப் பிரியும் உடல், விளிம்பு முதல் விளிம்பு வரை அமிலத்தால் அரித்த துலுத் எழுத்து (அரபு அழகெழுத்தில் ஒரு வகை). சுவரில் ஒன்று மாட்டினால் போதும், அறையில் வேறெதையும் பார்க்கத் தோன்றாது. கையில் எடுத்தால்தான் குட்டு வெளிப்படும். தகடு மெல்லிசு, முனை மழுங்கல். எறியச் செய்ததில்லை, ஏந்திக் காட்டச் செய்தது. வாசிக்க முயன்றால் ஒரே சொற்றொடர் திரும்பத் திரும்ப வரும். சிலவற்றில் எழுத்து மாதிரியான கோடுகள் மட்டும். 1898 செப்டம்பர் 2-இல் சூடானின் ஓம்துர்மானில் பிரிட்டிஷ் தளபதி கிச்னரின் படை மகதிப் படையை வென்றபின் சிப்பாய்கள் ஊருக்குக் கொண்டுபோன பொருள்களில் இவையும் உண்டு. பிற்பாடு பயணிகளுக்காகவே செய்தவையும் உண்டு. இரண்டையும் பிரித்தறிவது லேசான வேலை இல்லை.

கஸ்காரா வேறு ரகம். ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம், இருபுறமும் கூர், சிலுவை போன்ற குறுக்குக் காப்பு, நுனிக்குச் சற்று முன்னால் அகன்று விரியும் தோல் உறை. பல வாள்களின் அலகு ஜெர்மனியின் சோலிங்கனிலிருந்து வந்தது. ஆனால் அலகில் பிறை முத்திரை தெரிந்தவுடன் ஐரோப்பியச் சரக்கு என்று துள்ள வேண்டாம். உள்ளூர்க் கொல்லர்களும் அதே பிறையை அடித்தார்கள்.

வாளில் எனக்குப் பிடித்தது, அது தன் கதையைத் தானே சொல்லிவிடும். சாணை பிடித்துப் பிடித்து ஓரத்து எழுத்துகள் தேய்ந்திருந்தால், எழுத்து வந்த பிறகும் வாள் வேலை செய்திருக்கிறது. பழைய வெட்டுத் தழும்புக்குள்ளேயே எழுத்து இறங்கி ஓடினால், அது பிற்பாடு ஏற்றியது. எழுத்து இருந்தால் விலை ஏறும் என்பதால் இந்தச் சோதனையை விடாதீர்கள். அப்புறம், துருவைப் பார்த்ததும் உப்புத்தாளை எடுக்காதீர்கள். அமிலம் அரித்த பள்ளம் ஆழமில்லை. துருவோடு எழுத்தும் போய்விடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டும் சமம். 2023 ஏப்ரலில் போர் தொடங்கியபின் கார்ட்டூமிலுள்ள சூடான் தேசிய அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது. சூடானின் பண்பாட்டுப் பொருள்களை வாங்கவோ விற்கவோ வேண்டாம் என்று 2024 செப்டம்பரில் யுனெஸ்கோ கேட்டுக்கொண்டது. 'எங்கள் தாத்தா 1898-இல் கொண்டுவந்தது' என்று விற்பவர் வாயால் சொன்னால் போதாது (அன்று கொண்டுபோனதும் போர்க்கொள்ளைதான், அது தனிக் கதை). பழைய ஏலப் பட்டியலோ, தேதியுள்ள புகைப்படமோ, குடும்பக் கடிதமோ காட்டச் சொல்லுங்கள். மழுப்பினால், எவ்வளவு அழகான துலுத்தாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.