அப்லோடா, பிரவுசருக்குள்ளேயேவா? தினசரி வேலைக்கான வெப் ஆப்ஸ் ஒரு அலசல்

புதுசு புதுசா வெப் ஆப் வந்துக்கிட்டே இருக்கு, பாத்தா ட்ரை பண்ணாம விட மனசு வராது, ஆனா எதைத் திறந்தாலும் நான் முதல்ல பாக்குறது டிசைனையோ ஃபீச்சர் லிஸ்ட்டையோ இல்ல, நான் போடுற ஃபைல் எங்க போகுதுங்கிறதத்தான். ஒரு ரகம் ஃபைலை அவங்க சர்வருக்கு அப்லோட் பண்ணி அங்க வேலையை முடிச்சுத் திருப்பித் தரும். இன்னொரு ரகம் நம்ம பிரவுசருக்குள்ளேயே எல்லாத்தையும் முடிச்சிடும், ஃபைல் நம்ம மெஷினை விட்டு நகரவே நகராது. வெளியில இருந்து பாத்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், அதே பெரிய பாக்ஸ், அதே "ஃபைலை இங்க இழுத்துப் போடுங்க".

வெப்அசெம்பிளின்னு ஒரு டெக்னாலஜி 2017ல எல்லாப் பெரிய பிரவுசருக்கும் வந்துச்சு, 2019 டிசம்பர்ல அது அதிகாரபூர்வ வெப் ஸ்டாண்டர்டாவும் ஆயிடுச்சு. அதுக்கு அப்புறம்தான் முன்னாடி சாஃப்ட்வேர் இன்ஸ்டால் பண்ணிச் செய்யவேண்டிய கனமான வேலை கூட ஒரு டேப்புக்குள்ள ஓட ஆரம்பிச்சுது. அதனால "அப்லோட் பண்ணாம முடியாதுங்க"ன்னு ஒரு டூல் சொன்னா, பல வேலைக்கு அது இப்போ உண்மை இல்ல.

எந்த ரகம்னு கண்டுபிடிக்க எளிய வழி ஒண்ணு இருக்கு. பேஜ் முழுசா லோட் ஆனதும் ஒண்ணுக்கும் உதவாத ஒரு டம்மி ஃபைலைப் போட்டு ஒரு தடவை ஓட்டுங்க (சில டூல் தேவையான கோடை அப்பத்தான் இறக்கும், அதுக்காக), பிறகு நெட்டை ஆஃப் பண்ணிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்க. ஓடுச்சுன்னா வேலை உள்ளேயே நடக்குது. நெட் திரும்ப வந்ததும் கமுக்கமா எதையாவது அனுப்பாதான்னு கேட்டா, ஆமா, அதை இந்த டெஸ்ட் சொல்லாது, அதுக்கு எஃப்12 தட்டி நெட்வொர்க் டேப்பைத் திறந்து வெச்சுக்கிட்டு உங்க ஃபைல் சைஸுக்குக் கிட்டத்தட்ட ஒரு ரிக்வெஸ்ட் வெளிய போகுதான்னு பாக்கணும்.

பிடிஎஃப்: ஐலவ்பிடிஎஃப், ஸ்மால்பிடிஎஃப், பிடிஎஃப்24, ஸ்டெர்லிங்

இங்கதான் போட்டி ஜாஸ்தி, ஆபத்தும் ஜாஸ்தி, ஏன்னா பிடிஎஃப்னு நாம போடுறது பெரும்பாலும் ஐடி கார்டு, பேங்க் ஸ்டேட்மெண்ட், கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் இந்த மாதிரி சமாச்சாரம்தான்.

ஐலவ்பிடிஎஃப் பார்சிலோனா கம்பெனி, ஸ்மால்பிடிஎஃப் சுவிஸ் கம்பெனி, ரெண்டுமே அடிப்படையில அப்லோட் ரகம். ஐலவ்பிடிஎஃப் ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃபைலை அழிச்சிடுறதா சொல்லுது, ஸ்மால்பிடிஎஃப் ஒரு மணி நேரம்னு சொல்லுது. நான் அவங்களை நம்பலன்னு இல்ல, ரெண்டும் நல்ல பேர் உள்ள கம்பெனிங்கதான், ஆனா அழிச்சாங்களான்னு நம்மால செக் பண்ண முடியாது, அவ்ளோதான் விஷயம். பயன்பாட்டுல பாத்தா ஸ்மால்பிடிஎஃப் பாக்க அழகு, ஆனா இலவசத்துல சீக்கிரமே கதவு சாத்திடும். ஐலவ்பிடிஎஃப் கொஞ்சம் தாராளம், டூலும் நிறைய. பிடிஎஃப்24 ஜெர்மன்காரங்களோடது, பாக்க பழைய ஸ்டைல், இலவசம், எனக்கு அதுல பிடிச்சது என்னன்னா வெப் டூலோட கூடவே விண்டோஸ்ல இன்ஸ்டால் பண்ற ஆஃப்லைன் வெர்ஷனும் தர்றாங்க, அதுல ஃபைல் வெளிய போகாது. ஸ்டெர்லிங் பிடிஎஃப் பெரும்பாலும் ஓப்பன் சோர்ஸ் (கோடை யார் வேணா பாக்கலாம்), டாக்கர் தெரிஞ்சவங்க சொந்த மெஷின்லயே ஓட்டிக்கலாம், மெர்ஜ், ஸ்ப்ளிட், ஓசிஆர்னு (ஸ்கேன் படத்துல இருந்து எழுத்தை உருவுறது) எல்லாம் ஒரே இடத்துல கிடைக்கும். டாக்கர்னா என்னன்னு கேக்குறவங்களுக்கு இது வேணாம், ஆனா ஆபீஸ்ல பத்து பேருக்குத் தேவைன்னா ஐடி ஆளைப் பிடிச்சு ஒரு தடவை செட் பண்ணச் சொல்லிடுங்க.

இதுல முக்கியமான ஒண்ணு, பாதி வேலைக்கு இந்த நாலுமே தேவையில்ல. அம்பது பக்க பிடிஎஃப்ல 3ல இருந்து 5 வரைக்கும் மட்டும் வேணுமா, குரோம்ல திறந்து பிரிண்ட் குடுத்து, பிரிண்டர் இருக்குற இடத்துல "சேவ் ஆஸ் பிடிஎஃப்" தேர்ந்தெடுத்து, பேஜஸ்ல 3-5னு அடிச்சா முடிஞ்சுது. ஃபார்ம்ல பேரு, தேதி எழுதணுமா, ஃபயர்ஃபாக்ஸ்ல 2022ல இருந்தே பிடிஎஃப் மேல டெக்ஸ்ட் எழுதவும் கிறுக்கவும் முடியும். பிடிஎஃப்பை வேர்டா மாத்துறது, ஸ்கேன்ல இருந்து எழுத்தை உருவுறது இதுக்கெல்லாம்தான் சர்வர் டூல் நிஜமாவே நல்லா பண்ணும். கம்ப்ரெஸ் பண்றப்போ மட்டும் ஒரு எச்சரிக்கை, ஸ்கேன் பண்ண பிடிஎஃப்ல இவங்க குறைக்கிறது உள்ள இருக்குற படத்தோட ரெசல்யூஷனைத்தான், அதனால இறக்கினதும் நல்லா ஜூம் பண்ணி சீல், சின்ன எழுத்து, கையெழுத்து மூணும் தெளிவா இருக்கான்னு பாத்துட்டு அனுப்புங்க.

சர்ச்ல "ஃப்ரீ கன்வெர்ட்டர்"னு அடிச்சா மேல வர்ற பேர் தெரியாத சைட்டெல்லாம் வேண்டவே வேண்டாம். 2025 மார்ச்ல அமெரிக்க எஃப்பிஐயோட டென்வர் ஆபீஸே இதுக்குத் தனியா எச்சரிக்கை விட்டாங்க, கேட்ட மாதிரியே ஃபைலை மாத்திக் குடுத்துட்டு கூடவே மால்வேரையும் ஏத்தி விடுற சைட்டுங்க இருக்குன்னு. மால்வேர் இல்லாட்டியும் எரிச்சல் இருக்கு: ஒரு சைட்ல எல்லாம் முடிஞ்சு டவுன்லோட் பட்டனை அமுக்குற நேரத்துல ஈமெயில் குடுன்னு நிக்குது, அதை முதல்லயே கேட்டிருந்தா நான் அப்லோடே பண்ணிருக்க மாட்டேனே.

படத்தோட சைஸைக் குறைக்க: ஸ்குவூஷ், டைனிபிஎன்ஜி

என் ஓட்டு ஸ்குவூஷுக்கு, அதுவும் கண்ணை மூடிக்கிட்டு. கூகுள் குரோம் டீம் 2018ல விட்டது, படம் முழுக்க பிரவுசருக்குள்ளதான் ப்ராசஸ் ஆகும், நெட்டை ஆஃப் பண்ற டெஸ்ட்ல தாராளமா பாஸ்.

ஒரு ஃபோன் கேமரா படத்தை அதுல போட்டா திரை ரெண்டா பிரியும், இடது பக்கம் ஒரிஜினல், வலது பக்கம் குறைச்சது, நடுவுல இழுத்துப் பாக்குற ஒரு கோடு. நிறைய பேர் போன உடனே குவாலிட்டியைக் குறைக்க ஆரம்பிச்சிடுவாங்க, அது தப்பான வரிசை. முதல்ல ரீசைஸ் ஆன் பண்ணி அகலத்தை 1600 பிக்சல் அளவுக்கு இறக்குங்க, ஸ்க்ரீன்ல பாக்க அது போதும், பாதிக்கு மேல சைஸ் அதுலயே இறங்கிடும். அதுக்கப்புறம் மாஸ்ஜேபெக்ல (MozJPEG, ஜேபெக்கா குறைக்கிற ஆப்ஷன்) குவாலிட்டி 75 பக்கத்துல வெச்சு, முடி, எழுத்தோட ஓரம், வானம் மாதிரி வழவழன்னு நிறம் மாறுற இடம், இந்த மூணு இடத்துலயும் ஜூம் பண்ணி நடுக் கோட்டை இழுத்துப் பாருங்க, பிசிறு தெரியலன்னா இன்னும் அஞ்சு இறக்கலாம். வெப்பி, ஏவிஐஎஃப் ஃபார்மேட்டும் இருக்கு, ஏவிஐஎஃப்ல சைஸ் ரொம்பவே சின்னதா வரும், ஆனா ஆன்லைன் ஃபார்ம் நிறைய அதை ஏத்துக்காது, அதனால எங்கயாவது அப்லோட் பண்ணப் போறீங்கன்னா ஜேபெக்ல நில்லுங்க. இன்னொரு லாபம் என்னன்னா படத்துக்குள்ள ஒளிஞ்சிருக்குற லொகேஷன் மாதிரியான தகவலெல்லாம் இதுல வெளிய வரும்போது கழண்டுடும்.

டைனிபிஎன்ஜி அப்லோட் ரகம், பாண்டா படம் போட்ட சைட். அது பலம் காட்டுறது ரெண்டு இடத்துல. ஒண்ணு, பல படத்தை ஒண்ணா இழுத்துப் போடலாம், ஸ்குவூஷ் வெப்ல ஒரு நேரத்துக்கு ஒண்ணுதான், இருபது படம் இருந்தா கை வலிக்கும். ரெண்டாவது, யோசிக்கவே வேணாம், குவாலிட்டி செட்டிங் எதையும் தொட வேண்டியதில்ல. பிஎன்ஜில நிறங்களோட எண்ணிக்கையைக் குறைச்சுத்தான் அது சைஸை இறக்குது, லோகோ, ஸ்க்ரீன்ஷாட்டுக்கு சூப்பரா இருக்கும். எப்படியும் ஊருக்கே காட்டப் போற படம்னா டைனிபிஎன்ஜி, வீட்டுப் படம், டாக்குமெண்ட் படம்னா ஸ்குவூஷ்.

எடிட்டிங், டிசைன்: ஃபோட்டோபீ, கேன்வா

ரெண்டையும் ஒரே தராசுல வைக்கிறது கொஞ்சம் அநியாயம்தான், ஆனா "ஃபோட்டோஷாப் இல்லாம என்ன பண்றது"ன்னு கேக்குற எல்லாருக்கும் இந்த ரெண்டுல ஒண்ணுதான் பதிலா வருது. ரெண்டும் 2013ல வந்தது. கேன்வா சிட்னில ஆரம்பிச்சு இன்னைக்குப் பெரிய கம்பெனி. ஃபோட்டோபீயை உருவாக்கினது இவான் குட்ஸ்கிர்னு ஒரே ஒரு டெவலப்பர், நம்பவே முடியாது, ஃபோட்டோஷாப்போட பிஎஸ்டி ஃபைலை லேயரோட திறக்குது, ஜிம்ப்ங்கிற இலவச எடிட்டரோட ஃபைலையும் திறக்குது, லாகின் கேக்காது, ஃபைல் மெஷினை விட்டுப் போகாது. ஓரத்துல விளம்பரம் ஓடும், அவ்ளோதான் விலை. ஆனா ஃபோட்டோஷாப் தெரியாதவங்க உள்ள போனா முழிப்பாங்க, ரேம் கம்மியா இருக்குற லேப்டாப்ல பெரிய பிஎஸ்டி திறந்தா டேப்பே திணறும்.

கேன்வா முழுக்க முழுக்க சர்வர் ரகம், நீங்க போடுற படமெல்லாம் உங்க அக்கவுண்ட்ல போய் உக்காரும். பதிலுக்கு டெம்ப்ளேட் கொட்டிக் கிடக்கு, ஒண்ணும் தெரியாதவங்க கூட அரை மணி நேரத்துல பாக்குற மாதிரி ஒரு போஸ்டர் போட்டுடலாம், லிங்க் அனுப்பினா இன்னொருத்தரும் அதையே திருத்தலாம். கடுப்பு எங்கன்னா அந்தக் குட்டிக் கிரீடம். அழகா இருக்கேன்னு எடுத்துப் போட்ட படத்துல கிரீடம் இருந்தா கடைசில டவுன்லோட் பண்றப்போ காசு கேக்கும், அதனால தேடும்போதே ஃபில்டர்ல இலவசம்னு தட்டிக்கிட்டு ஆரம்பிங்க. பேக்ரவுண்டை எடுக்குற பட்டனும் காசு கட்டினவங்களுக்குத்தான்.

வரையுறதுக்கு: எக்ஸ்கலிட்ரா, டிரா டாட் ஐஓ

எக்ஸ்கலிட்ரா 2020ல வந்த ஓப்பன் சோர்ஸ் வைட்போர்டு, கையால கிறுக்கின மாதிரி கோடு வரும், யாருக்காவது எதையாவது விளக்கணும்னா இதைவிட வேகமா ஒண்ணு இல்ல. லாகின் வேணாம். ஷேர் பண்றப்போ வர்ற லிங்க்கைக் கொஞ்சம் உத்துப் பாருங்க, அதுல ஹேஷ் (#) குறிக்கு அப்புறம் ஒரு நீள எழுத்துக் கோர்வை இருக்கும், பூட்டி வெச்ச உங்க படத்தைத் திறக்குற சாவி அதுலயே இருக்கு. ஹேஷுக்கு அப்புறம் இருக்குறதை பிரவுசர் சர்வருக்கு அனுப்பாது, அதனால சர்வர்ல இருக்குறது பூட்டின பெட்டி மட்டும்தான். லிங்க் யார் கைல கிடைச்சாலும் திறந்துடலாம்ங்கிறதும் இதுல அடக்கம், குரூப்ல போடும்போது ஞாபகம் வெச்சுக்கோங்க.

ஆனா நீங்க வரையுறது பிரவுசர் ஸ்டோரேஜ்லதான் நிக்குது, ஹிஸ்டரியோட குக்கீ, சைட் டேட்டாவையும் சுத்தம் பண்ணா அதுவும் போச்சு. சஃபாரி யூஸ் பண்றவங்க கூடுதலா உஷாரா இருக்கணும், 2020ல இருந்து ஏழு நாள் அந்த சைட்டைத் தொடாம விட்டா சஃபாரியே அங்க சேமிச்சதைத் தூக்கிப் போட்டுடும். வேலை முடிஞ்சதும் ஃபைலா இறக்கி வெச்சுக்கோங்க. டிரா டாட் ஐஓ இந்த விஷயத்துல ஒழுங்கு, திறந்த உடனே எங்க சேவ் பண்றது, டிரைவா, ஒன்டிரைவா, உன் மெஷினான்னு கேட்டுடும். ஃப்ளோசார்ட், நெட்வொர்க் படம், அளவெடுத்து வரையுறதுக்கெல்லாம் அதுதான்.

ஃபைல் அனுப்ப: வீட்ரான்ஸ்ஃபர், பேர்டிராப்

ரெண்டு பேரும் ஒரே வைஃபைல இருந்தா பேர்டிராப் போதும், ரெண்டு டிவைஸ்லயும் பேஜைத் திறந்தா ஒண்ணுக்கொண்ணு தெரியும், ஃபைல் நேரா போகும், சர்வர்ல தங்காது. ஆண்ட்ராய்டு, ஐஃபோன், விண்டோஸ்னு கலந்து கட்டி இருக்குற இடத்துக்கு வரப்பிரசாதம். இது ஸ்னாப்டிராப்னு முன்னாடி இருந்த டூல்ல இருந்து பிரிஞ்சு வந்தது, அந்த ஸ்னாப்டிராப்பை லைம்வயர்ங்கிற கம்பெனி வாங்கிடுச்சு.

தூரத்துல இருக்குறவங்களுக்கு அனுப்ப வீட்ரான்ஸ்ஃபர் பழைய நம்பிக்கை, 2009ல இருந்து இருக்கு. 2024ல பெண்டிங் ஸ்பூன்ஸ்ங்கிற இத்தாலியக் கம்பெனி வாங்கினதுக்கு அப்புறம் இலவச வரம்பு இறுகிடுச்சு, லிங்க் உயிரோட இருக்குற நாளும் குறைஞ்சுது. 2025 ஜூலைல ஃபைலை ஏஐக்குப் பயன்படுத்துவாங்களோன்னு சந்தேகம் வர்ற மாதிரி ஒரு நிபந்தனை போட்டு, எல்லாரும் கத்தினதும் மாத்தி எழுதினாங்க. ஃபைல் அனுப்புற ஃபயர்ஃபாக்ஸ் சென்ட் இருந்தவரைக்கும் எனக்கு இந்தத் தலைவலியே இல்ல, மால்வேர் பரப்புறவங்க அதைப் பயன்படுத்துறாங்கன்னு 2020லயே மூடிட்டாங்க. இப்போ ரகசியமான ஃபைல்னா பாஸ்வேர்ட் போட்ட ஜிப் ஆக்கி, பாஸ்வேர்டை வேற வழியில சொல்லி அனுப்புறதுதான் என் வழக்கம்.

நோட்ஸ்: கீப், நோஷன், எவர்நோட், அப்சிடியன்

இங்க கேள்வி கொஞ்சம் மாறுது. நோட்ஸ் எப்படியும் வருஷக்கணக்கா சேரும், அதனால ஃபைல் எங்க போகுதுங்கிறதோட, திரும்பி வருமாங்கிறதும் சேந்துக்குது. லிங்க் சேத்து வைக்கிற மொசில்லாவோட பாக்கெட் 2025 ஜூலைல மூடினப்போ எத்தனையோ பேர் சேத்து வெச்ச லிங்க்கை அவசர அவசரமா எக்ஸ்போர்ட் பண்ணாங்க. எவர்நோட்டையும் அதே பெண்டிங் ஸ்பூன்ஸ்தான் வாங்குச்சு, 2023 டிசம்பர்ல இலவசக் கணக்குக்கு 50 நோட், ஒரே ஒரு நோட்புக்னு சுருக்கிட்டாங்க. புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு அதைச் சொல்ல எனக்கு வாய் வரல.

நோஷன் பிரமாதமான டூல், டீமா வேலை பாக்குறவங்களுக்கு, டேபிள், கேலண்டர், ப்ராஜெக்ட்னு எல்லாம் வேணும்ங்கிறவங்களுக்கு. ரெண்டு வரி குறிச்சு வைக்க அதைத் திறக்குறது கொசு அடிக்கப் பீரங்கி. ஆஃப்லைன் வசதியே 2025லதான் வந்துச்சு, அதுவும் இன்ஸ்டால் பண்ற ஆப்ல. கூகுளோட கீப் அதுக்கு நேர் எதிர், திறந்தா உடனே எழுதலாம், ஃபோன்லயும் கம்ப்யூட்டர்லயும் அந்த நொடியே தெரியும், ஆனா நோட்டு நூறு தாண்டினா வெறும் கலர் கலரான குப்பைக் குவியல், லேபிள் போட்டாலும் ஓரளவுக்குத்தான் தேறும்.

அப்சிடியன் வெப் ஆப் இல்ல, இன்ஸ்டால் பண்ணணும், இந்த லிஸ்ட்ல சேத்தது விதிமீறல்தான், ஆனா நோட்ஸ் எல்லாம் சாதா டெக்ஸ்ட் ஃபைலா நம்ம ஃபோல்டர்லயே இருக்குற ஒரே காரணத்துக்காக உள்ள விட்டேன். ஃபோனுக்கும் கம்ப்யூட்டருக்கும் சிங்க் பண்றது மட்டும் நம்ம தலைல விழும், இல்ல அவங்களுக்குக் காசு கட்டணும். நான் இப்போ அவசரத்துக்குக் கீப்ல கிறுக்குறேன், தேறுறதை மட்டும் அப்சிடியனுக்கு மாத்துறேன். கூகுள் டேக்அவுட்ல (நம்ம கூகுள் டேட்டாவை இறக்கித் தர்ற பக்கம்) கீப்பைத் தேர்ந்தெடுத்து ஜிப்பா இறக்கினா, அப்சிடியனோட இம்போர்ட்டர் ப்ளகின் அந்த ஜிப்பை அப்படியே வாங்கிக்கும், ஒவ்வொரு நோட்டா காப்பி பேஸ்ட் பண்ணிக்கிட்டு உக்கார வேணாம்.