கிருஷ்ணகிரியில அம்மாவ காட்டுன "நரம்பு டாக்டர்", 5க்கு 4 ஸ்டார்

கிளினிக் பேரு போட மாட்டேன், மொதல்லயே சொல்லிடறேன். அம்மா வேணாம்னுட்டாங்க, சொந்தக்காரங்க யாராச்சும் பாத்தா நம்ம வீடுதான்னு கண்டுபுடிச்சிடுவாங்களாம். ரவுண்டானால இருந்து நடந்து போற தூரம், மாடில இருக்கு. போர்டுல "நரம்பு"ன்னு பெருசா போட்டு "மனநலம்"னு பொடி எழுத்துல போட்டிருப்பாங்க, எனக்கு சிரிப்பு வந்துச்சு, ஆனா அந்த பெரிய எழுத்து இல்லன்னா எங்கம்மா படியே ஏறிருக்க மாட்டாங்க.

அம்மாவுக்கு 58 வயசு, காவேரிப்பட்டணம் பக்கம் கிராமம். ஆறு மாசமா நெஞ்சு படபடன்னு அடிக்குது, சோறு எறங்கல, ராத்திரி 3 மணிக்கு முழிப்பு வந்தா அப்புறம் தூக்கம் இல்ல. ஈசிஜி, எக்கோ, எண்டோஸ்கோப்பி எல்லாம் எடுத்தாச்சு, எல்லாம் நார்மல். நார்மல்னு சொன்னதுக்கு அம்மா அழுதாங்க, "அப்ப நான் நடிக்கிறேன்றியாடா"ன்னு. நடுவுல பெரியம்மா ஒரு கோடாங்கிகிட்ட கூட்டிட்டு போயி காத்து கருப்புன்னு கயிறு கட்டி விட்டதுல 3,000 ரூவா போச்சு, அத இங்க பேசல.

இந்த டாக்டர் மேடம் மொத விசிட்ல முக்கால் மணி நேரம் பேசுனாங்க. எடை கூடுச்சா, முடி கொட்டுதா, எல்லாரும் வேர்க்குதுன்றப்ப உங்களுக்கு குளிருதா, உங்க அம்மா வயசான காலத்துல எப்படி இருந்தாங்கன்னு வரிசையா கேட்டாங்க. எங்க ஆயா கடைசி நாலஞ்சு வருஷம் திண்ணைல பேசாம உக்காந்தே இருந்தது அப்பதான் எனக்கு ஞாபகமே வருது, நாங்க அத வயசுன்னு நெனச்சிட்டோம். அப்புறம் தைராய்டு, பி12, சுகர், ரத்த அளவு எழுதி குடுத்தாங்க. தைராய்டுல டிஎஸ்ஹெச்னு ஒரு அளவு 14 வந்துச்சு, நாலு நாலரைக்குள்ள இருக்கணுமாம், அது ஏறுனா தைராய்டு கம்மியா சுரக்குதுன்னு அர்த்தமாம். தைராய்டு கம்மியானா சோர்வு, மறதி, மனசு சுணங்கி போறது எல்லாம் வருமாம். அவ்ளோ டெஸ்ட் எடுத்தோமே, இத ஒருத்தரும் எடுக்கல பாருங்க.

நான் உடனே "அப்ப தைராய்டு தான் மேடம் எல்லாத்துக்கும்"னேன். அவங்க ஒத்துக்கல. அது ஒன்னு, இன்னும் ரெண்டு இருக்குன்னாங்க. உடம்பு, யோசிக்கிற விதம், சுத்தி இருக்கற வீடு ஊரு மூணையும் சேத்துதான் பாக்கணுமாம். வீட்டுக்கு வந்து தேடுனா இத 1977லயே ஜார்ஜ் எங்கெல்னு ஒரு அமெரிக்க டாக்டர் எழுதி வச்சிருக்காரு.

மாத்திரை ரெண்டு. காலைல வெறும் வயித்துல தைராய்டுக்கு, போட்டு அரை மணி நேரம் காபி கூட கூடாது (எங்க வீட்ல சண்டையே இதுக்குத்தான்), ராத்திரி எஸிட்டலோபிராம், பதட்டத்துக்கும் மனச்சோர்வுக்கும் குடுக்கறது. ராத்திரி மாத்திரை வேல செய்ய ரெண்டுல இருந்து நாலு வாரம் ஆகும், மொத வாரம் கொமட்டும், நல்லாயிட்டேன்னு நீங்களா நிறுத்தாதீங்கன்னு மேடம் முன்னாடியே சொல்லிட்டாங்க. அப்படியே கொமட்டுச்சு, சொல்லாம இருந்திருந்தா அஞ்சாவது நாளே தூக்கி போட்டிருப்போம்.

கவுன்சிலிங் சனிக்கிழமை மட்டும், ஒரு சைக்காலஜிஸ்ட் பொண்ணு வருது. ஓசூர்ல வேல பாக்கற தங்கச்சி போன் எடுக்கலன்னா அம்மாவுக்கு நேரா ஆக்சிடென்ட் தான் கண்ணுல வரும், உடனே படபடப்பு. அந்த பொண்ணு ஒரு நாற்பது பக்க நோட்டுல கோடு போட்டு, இந்தப்பக்கம் "ஆக்சிடென்ட்"னு எழுதி, அந்தப்பக்கம் வேற என்னவா இருக்கும்னு அம்மாவையே சொல்ல சொல்லுச்சு. அம்மா யோசிச்சு யோசிச்சு சார்ஜ் இல்ல, ஷிப்ட்ல போன் வாங்கி வச்சிருப்பாங்க, பஸ்ல தூங்கிட்டிருப்பா, அப்புறம் "எங்கூட பேச புடிக்கல"ன்னாங்க. அந்த கடைசி ஒன்னுல அந்த பொண்ணு பேனாவ வச்சிடுச்சு, மீதி நேரம் பூரா அதப்பத்தியே பேசுனாங்க.

மேடம் சொன்ன மூணாவது, சுத்தி இருக்கற வீடு ஊரு, அதுதான் எனக்கு உறைச்சது. அப்பா போயி ரெண்டு வருஷம், மாங்கொல்லைய குத்தகைக்கு விட்டாச்சு, நான் பெங்களூரு, தங்கச்சி ஓசூரு. பக்கத்து வீட்டு மஞ்சள் நீராட்டுக்கு அம்மாவ கூப்புடல, எதுக்குன்னு சொல்ல வேண்டியதில்ல. நூறு நாள் வேலைக்கு போயிட்டிருந்தாங்க, பையன் சம்பாதிக்கறப்ப அம்மா மண்ணு வெட்டுதுன்னு பேச்சு வரும்னு நாந்தான் நிறுத்துனேன். மேடம் கேட்டாங்க, "அங்க கூட எத்தன பேரு வேல செஞ்சாங்க?" இருபது இருபத்தஞ்சு பேருன்னாங்க அம்மா. "இப்ப ஒரு நாளைக்கு எத்தன பேருகிட்ட பேசறீங்க?" அம்மா என்னைய பாத்தாங்க. வேலைக்கு போகட்டும், அதுக்கு என்கிட்ட மாத்திரை இல்லன்னுட்டாங்க மேடம்.

இப்ப ஒரு ஸ்டார் ஏன் கொறச்சேன்னா, கம்பவுண்டர். ஹால்ல முப்பது பேரு இருக்கறப்ப "அம்மாவுக்கு தூக்கம் வரலியா, அழுவுறாங்களா"ன்னு கத்தி கேக்கறாரு. 2017 மனநல சட்டத்துல ரகசியம் காக்கறது நோயாளியோட உரிமைன்னே இருக்கு, இவருக்கு யாரு சொல்றது. லிப்ட் இல்ல. டோக்கன் வாங்குனாலும் மூணு மணி நேரம் ஆவுது. பீஸு 400, கவுன்சிலிங்குக்கு தனியா 600.

அவ்ளோ முடியாதுன்னா போலுப்பள்ளி அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி இருக்கு, தருமபுரிக்காரங்களுக்கு அங்கயும் மெடிக்கல் காலேஜ் இருக்கு, மனநல ஓபி கேளுங்க. ராத்திரி நேரத்துல யாருகிட்டயாச்சும் பேசியே ஆகணும்னா 14416, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி போன், காசு இல்ல, 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம். அம்மா மாத்திரை ஆரம்பிச்ச மொத வாரம் தங்கச்சி ஒரு தடவ அடிச்சா, பொறுமையா பேசுனாங்களாம்.

நாலு மாசம் ஆச்சு. படபடப்பு கொறஞ்சிருக்கு, முழுசா போகல. போன வாட்டி திரும்பி வர்றப்ப பஸ் ஸ்டாண்டுல நிப்பட்டு (தட்டை மாதிரி) வாங்குடான்னு அவங்களா கேட்டாங்க. அடுத்த விசிட் வர்ற புதன்கிழமை, அன்னிக்கு வேல இருக்கு, தேதிய மாத்தி கேளுன்னு காலைல போன் பண்ணி சொல்லிட்டாங்க.